முடிச்சுப் போட்டு அறுத்த பாவு

படம் முடிந்து விளக்கைப் போட்டதும் எல்லாரும் கை தட்டினார்கள். சென்னையில் ஒரு சின்ன அரங்கு. தட்டினதில் பாதி என் மகளுக்கு, அவள் எடுத்த படம். மீதிப் பாதி எனக்கு. நாலைந்து பெண்கள் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தி, "உங்கள மாதிரி ஒரு அம்மா எனக்கு இல்லாம போச்சே" என்று கண்ணைத் துடைத்தாள். நான் அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். அப்படித் தடவிக் கொடுத்ததுதான் நான் செய்த கடைசித் தப்பு. முதல் தப்பைப் படத்திலேயே சொல்லிவிட்டேன்; ஆனால் பாதிதான் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். பஸ்ஸில் எழுதியிருக்கிற ஊர்ப் பெயரைப் படிப்பேன், நெசவாளர் சொசைட்டி சீட்டில் கையெழுத்துப் போடுவேன். இதுவரை நான் எழுதினதிலேயே நீளமானது மளிகைச் சீட்டு. யாரிடமாவது சொல்லி எழுதச் சொல்லியிருக்கலாம். ஆனால் அடுத்தவர் எழுதும்போது அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்ல வேண்டும். அப்போது நான் மறுபடியும் பாதிதான் சொல்லுவேன். அதனால் ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்று நானே எழுதினேன். திருத்துகிறவர்கள் எழுத்துப் பிழையைத் திருத்தட்டும். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

எங்கள் வீடு சின்ன காஞ்சிபுரத்தில், பெருமாள் கோயிலுக்குப் போகிற வழியில் உள்ளடங்கின ஒரு தெரு. கல்யாணம் ஆகி வந்த வருஷமே நான் கோர்வைக்கு உட்கார்ந்தேன். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பட்டுப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் தறிக்குழியில் உட்கார்ந்து நெய்கிறவர் ஒருத்தர் போதாது. வலப்பக்கம் இன்னொருத்தர் உட்கார்ந்து கரைக்கான நாடாவை, குறுக்கு நூலைக் கொண்டுபோகிற கட்டையை, தள்ள வேண்டும். அவர் நூலும் நம் நூலும் சந்திக்கிற இடத்தில் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு திரும்ப வேண்டும். அதற்குத்தான் கோர்வை என்று பெயர். ஒருத்தர் கை முந்தினாலும் பிந்தினாலும் அந்த இடம் தடித்துப் போகும்.

பன்னிரண்டு வருஷம் என் வீட்டுக்காரருக்கு நான் கோர்வை போட்டேன். பிறகு எங்கள் மகள் பத்து வயதில் விளையாட்டாக என் இடத்தில் வந்து உட்கார்ந்தாள். ஒரு மாதத்தில் அது விளையாட்டாக இல்லாமல் போனது. பள்ளிக்கூடம் போவதற்கு முன்பு ஒரு மணி நேரம், வந்த பிறகு விளக்கு வைக்கிற வரைக்கும் அவளும் அவள் அப்பாவும் தறியில் இருப்பார்கள். அவர் கடுமையான மனுஷன். ஒரு இழை விட்டால் தறிக்கட்டையில் ஓங்கி ஒரு அடி அடிப்பார், அவள் உடம்பு தூக்கிப் போடும். "கண்ணு எங்க கீது? தெருவுலியா கீது?" என்பார். அவள் பயந்தாள். பயந்துகொண்டே அவர் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தைக்காகக் காத்துக்கொண்டும் இருந்தாள். நான் பார்த்த வரைக்கும் ஒன்று சொல்லுவேன். அவளைத் திட்டும்போது அவர் அவள் முகத்தைப் பார்த்துத் திட்டுவார். என்னிடம் பேசும்போது நூலைப் பார்த்துப் பேசுவார்.

அந்த நல்ல வார்த்தையை அவர் அவளிடம் சொல்லவில்லை. அடுத்த தறிக்காரரிடம் சொன்னார். "இவ அம்மா போட்ட கோர்வைய கையால தடவினா தெரியும். இவ போட்டது கண்ணால பாத்தாலும் தெரியாது." நான் அவர்களுக்குக் காபி கொண்டுபோனபோது சொன்னார். அது உண்மை. நான் சிரித்துக்கொண்டே டம்ளரைக் கொடுத்துவிட்டு உள்ளே வந்து ராட்டையில் உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு என் வேலை நூல் சுற்றுவது, புதுப் பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஏற்றுகிற நூல், வந்தால் இழை பிணைப்பது. பழைய பாவின் நுனியோடு புதுப் பாவின் நுனியை, விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு ஒவ்வொரு இழையாக முறுக்கி ஒட்டுவது. ஆயிரக்கணக்கில் இழை. அந்த வேலையில் எங்கள் தெருவில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அதை நானே சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

மகள் நன்றாக வரைவாள். நோட்டுப் புத்தகம் முழுக்க அவள் அப்பாவின் முதுகும் கையும்தான் இருக்கும். பதினேழு வயதில் சென்னையில் படம் வரைகிற கல்லூரிக்குப் பரீட்சை எழுத வேண்டும் என்றாள். அவர் நாடாவை நிறுத்தாமலே, "வேணாம்" என்றார்.

"நைனா, ஒரே ஒரு நாளு. காலையில போய் எழுதிட்டு சாயங்காலம் வந்துடறேன்."

"முகூர்த்தப் புடவை தறியில இருக்குது. பொண்ணு வூட்டுக்காரங்க வாரா வாரம் ஆள் அனுப்பிக்கினு இருக்காங்க. இன்னிக்கு பரீட்சைம்ப, நாளைக்கு காலேஜ்ம்ப. அப்புறம் கோர்வைக்கு யாரு?"

நான் சமையல்கட்டிலிருந்து, "நான் உக்காரறேன்" என்றேன்.

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "உன் கை இப்ப வராது. பாதிப் புடவை அவ கை, பாதிப் புடவை உன் கைன்னா கட்டறவளுக்கே தெரிஞ்சிடும்."

மகள் சிரித்துவிட்டாள். என்னைக் கேலி செய்ய வேண்டும் என்று சிரிக்கவில்லை. அப்பா தன் கையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி அவள் காதால் கேட்டது அதுதான் முதல் தடவை. சந்தோஷத்தில் வந்த சிரிப்பு. அவளுக்காகப் பேசப் போன என்னைப் பார்த்துக்கொண்டே அந்தச் சிரிப்பு வந்தது. அவ்வளவுதான் நடந்தது.

ரெண்டு நாள் கழித்து அமாவாசை. அமாவாசைக்கு எங்கள் தெருவில் தறி ஓடாது. முந்தின சாயங்காலமே அவர் தறியின் மேல் பழைய வேட்டியைப் போட்டு மூடிவிட்டார். விடிந்ததும் தர்ப்பணம் பண்ண ஓரிக்கைப் பக்கம் பாலாற்றுக்குப் போனார். மகள் குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்குப் போனாள். அமாவாசையானால் குழாயில் கூட்டம் இருக்கும். நான் வேட்டியைத் தூக்கிவிட்டு வலப்பக்கம் உட்கார்ந்தேன், என் பழைய இடத்தில். கத்தரி எடுத்துப் பாவை அறுத்தேன்.

தறி வீட்டில் பாவை அறுப்பது என்னவென்று தறிக்காரர்களுக்குத் தெரியும். சோற்றுப் பானையைப் போட்டு உடைக்கிற மாதிரி. சண்டை போட்டுக்கொண்டு தனிக்குடித்தனம் போன அண்ணன் தம்பிகள்கூட அடுத்தவன் பாவில் கை வைக்கமாட்டார்கள். நான் வைத்தேன். பாவு அறுந்தால் தறி நிற்கும், பிணைக்க மூன்று நாள் ஆகும், அதற்குள் அவள் போய் எழுதிவிட்டு வந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். கேட்டால் எலி என்று சொல்லிவிடலாம். பாவில் கஞ்சி போட்டிருப்பதால் எலி வருவது சகஜம். இதைத்தான் படத்தில் சொன்னேன். இதற்குத்தான் கை தட்டினார்கள்.

படத்தில் சொல்லாதது இது. கத்தரியை வைத்தபோது என் மனசில் பரீட்சை இல்லை. "உன் கை வராது" என்பதும் அந்தச் சிரிப்பும்தான் இருந்தன. இந்தப் புடவையை அவளும் முடிக்க வேண்டாம், அவரும் முடிக்க வேண்டாம் என்று இருந்தது. பரீட்சையும் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது பின்னால் நின்றது.

இன்னொன்றும் செய்தேன், எனக்கே தெரியாமல். பாவை ஒரேயடியாக அறுக்கவில்லை. இழைகளைப் பிடிப்பிடியாகச் சேர்த்து, இந்தப் பக்கம் ஒரு முடிச்சு அந்தப் பக்கம் ஒரு முடிச்சுப் போட்டு, நடுவில் அறுத்தேன். அப்படிச் செய்தால் இழை கலையாது, பிறகு பிணைப்பது சுலபம். எலி என்று சொல்லப் போகிறவள் முடிச்சுப் போடலாமா? இத்தனை வருஷம் பிணைத்த கைக்கு அதெல்லாம் தெரியவில்லை. கலைந்த இழையைப் பார்த்துச் சும்மா இருக்க அதற்கு வராது. முடிச்சையெல்லாம் உள்ளே தள்ளி வேட்டியைப் போட்டு மூடினேன்.

மறுநாள் காலையில் அவர் வேட்டியை எடுத்தார். முன்பக்கம் இழைகள் தொய்ந்து கிடந்தன. அறுத்தது வலப்பக்கத்திலிருந்து, கோர்வை இடத்திலிருந்து என்பது பார்த்ததுமே தெரிந்தது. கோர்வை இடத்தில் உட்காருகிறவள் ஒருத்திதான். பல் விளக்கிக்கொண்டிருந்த மகளைப் பின்னலைப் பிடித்து இழுத்துவந்து கன்னத்தில் ரெண்டு அறை விட்டார். அதுவரை அவளை அவர் அடித்ததில்லை, கட்டையைத்தான் அடிப்பார்.

"நான் இல்ல நைனா."

"வேற யாரு? உன் எடத்துல வேற யாரு உக்காருவாங்க?"

அவள் என்னைப் பார்த்தாள். என் கையில் காபி டம்ளர் இருந்தது. எலி என்ற வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது. வெளியே வரவில்லை. அவள் கன்னத்தில் விரல் பதிந்திருந்ததைப் பார்த்த பிறகு எலி என்றும் சொல்ல முடியவில்லை, நான் என்றும் சொல்ல முடியவில்லை. டம்ளரைக் கீழே வைத்தேன். அவ்வளவுதான் நான் செய்தது.

"இனிமே தறி பக்கம் வராத" என்றார் அவர்.

"நைனாவே அறுத்துட்டு எம்மேல போடறாரு மா" என்று அவள் என்னிடம் சொன்னாள். "நான் போகக்கூடாதுன்னு." அன்று மத்தியான பஸ்ஸில் சென்னைக்கு என் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். பரீட்சை எழுதினாள். இடம் கிடைத்தது. படிப்பு, வேலை, கல்யாணம் எல்லாம் அங்கேயே. வரைவதிலிருந்து கேமராவுக்குப் போனாள்.

அவர் அவளிடம் பேசவில்லை. இருபத்தேழு வருஷம். பொங்கலுக்கு வருவாள், கருட சேவைக்கு வருவாள். "அவளுக்கு வேர்க்குது, ஃபேன போடு" என்பார் என்னிடம். "நைனா மாத்திர சாப்ட்டாரான்னு கேளு" என்பாள் அவள், அவர் மூன்றடி தள்ளி உட்கார்ந்திருக்கும்போது. அவள் கல்யாணத்தில் தாரை வார்க்கிறபோதுகூட அவர் வாய் திறக்கவில்லை. அவள் அறுத்தாள் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார், அவர் அறுத்தார் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள், நடுவில் நான் சோறு போட்டுக்கொண்டிருக்கிறேன் என்றுதான் இத்தனை வருஷமும் இருந்தேன். அவள் போன நாலாம் நாளே கோர்வைக்கு நான் உட்கார்ந்தேன். என் இடம் எனக்குத் திரும்பக் கிடைத்தது. அவருக்குக் கண் ஆபரேஷன் ஆகி அவர் குழியை விட்டு ஏறுகிற வரைக்கும் அங்கேதான் இருந்தேன்.

போன வருஷம் மகள் வந்து, நைனாவைப் பற்றிப் படம் எடுக்கப் போகிறேன் என்றாள். தன்னைப் பற்றியும்தான் என்றாள். கதை கிடையாது, பாட்டு கிடையாது. திரையை ரெண்டாகப் பிளந்து ஒரு பாதியில் அவர், இன்னொரு பாதியில் அவள். ரெண்டு பேரும் ஒரே பாதியில் வரவே மாட்டார்கள். நாடா மட்டும் இந்தப் பாதியிலிருந்து அந்தப் பாதிக்குப் போகும்.

"இத யாரு பாப்பாங்க?" என்றேன்.

"யாராச்சும் பாப்பாங்க மா."

பக்கத்து வீட்டு அம்மா வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். "இன்னாம்மா, உங்க வூட்ல ஷூட்டிங்காம். ஹீரோ யாரு?"

"எங்க வூட்டுக்காரர்தான்."

"அப்ப ஓடாது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவர் வேண்டாம் என்று சொல்வார் என நினைத்தேன். சொல்லவில்லை. கதவுப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், அவள் அவர் முதுகை எடுப்பாள், காலை எடுப்பாள், கண்ணில் மருந்து விட்டுக்கொள்வதை எடுப்பாள். பேச மாட்டார். அவளும் கேட்க மாட்டாள். வேலை செய்கிற ரெண்டு பேர் மாதிரி இருந்தார்கள், பழையபடி.

ஒரு நாள் தறியில் மலிவான நூலில் ஒரு பாவு ஏற்றச் சொன்னாள். எதற்கு என்றேன்.

"அறுக்கத்தான் மா. அந்த சீன் வேணும். நான் கேமரா புடிக்கணும், அதனால நீ அறு. உன் கை மட்டும்தான் வரும், மொகம் வராது. நைனாவோட கைன்னு நெனச்சுக்கோ."

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். என்ன காரணம் சொல்லுவது? வலப்பக்கம் போய் உட்கார்ந்தேன். அவர் வழக்கம்போல நாற்காலியில் இருந்தார். கத்தரியைப் பாவின் மேல் வைத்தேன். சீக்கிரம் முடித்துவிடலாம் என்று முதல் இழைகளை அறுத்தேன்.

"முடிச்சுப் போடாம அறுக்கற" என்றார் அவர், நாற்காலியிலிருந்து. சாதாரணமாக, சோற்றில் உப்பு குறைச்சல் என்று சொல்கிற குரலில். "அன்னிக்குப் போட்டுட்டுத்தான அறுத்த."

நான் திரும்பவில்லை. மகள் கேமராவிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"நைனா இன்னா சொல்றாரு மா?"

என்னைத்தான் கேட்டாள். அவர்தான், "உங்கம்மாவ கேளு" என்றார். இருபத்தேழு வருஷத்தில் அவளைப் பார்த்து அவர் பேசின முதல் வார்த்தை அதுதான்.

சொன்னேன். கத்தரியை மடியில் வைத்துக்கொண்டு, பாவைப் பார்த்துக்கொண்டே. பரீட்சைக்காக அறுத்தேன், எலி என்று சொல்லலாம் என்று இருந்தேன், அதற்குள் அவர் கை ஓங்கிவிட்டார் என்று. பாதியைச் சொன்னேன். அவள் கேமராவை விட்டு நகர்ந்தாள். பிறகு என்னை விட்டுவிட்டு அவரிடம் போனாள்.

"உனக்கு எப்ப தெரியும் நைனா?"

"இவ பிணைக்க உக்காந்தப்ப. எதிர்ல நான் பாவ புடிச்சுக்கினு இருந்தேன். முடிச்ச பாத்தேன். அது இவ போடற முடிச்சு, வேற யாருக்கும் வராது."

"அப்ப நான் மெட்ராஸ் போய் மூணு நாள்கூட ஆவல. அப்பவே கூப்ட்டிருக்கலாமே."

"அடிச்சுட்டேன்" என்றார். "செய்யாததுக்கு அடிச்சுட்டேன். கூப்ட்டு இன்னான்னு சொல்றது? உங்கம்மா அறுத்தான்னு சொல்லணும். அதுக்கப்புறம் நீ இவகிட்டயும் பேச மாட்ட. ஒருத்தர்கிட்டயாவது பேசட்டும்னு வுட்டேன்."

"இருபத்தேழு வருஷமா நைனா?"

அவள் அவரை மன்னித்ததாகச் சொல்லவில்லை. கட்டிப்பிடித்து அழவும் இல்லை. "அடிச்சது நீதான?" என்று மட்டும் கேட்டாள். "நான்தான்" என்றார். அது அப்படியே நின்றது.

நான் நினைத்துக்கொண்டிருந்தது வேறு. இத்தனை வருஷமும் என் கையால் போட்ட சோற்றைத் தெரிந்தே சாப்பிட்டிருக்கிறார். நான் கோர்வை இடத்தில் உட்கார்ந்தபோதெல்லாம், அந்த இடம் எனக்கு எப்படி வந்தது என்று தெரிந்தே என் பக்கம் நாடாவைத் தள்ளியிருக்கிறார்.

கேமரா ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. "இத வெக்கட்டுமா மா?" என்று மகள் கேட்டாள்.

"வேணாம்" என்றேன். "எடுத்துடு." எங்கள் தெருவில் ஏதாவது வழக்கு என்றால், அந்த வீட்டு அம்மாவைக் கேளுங்கள், அது பொய் பேசாது என்பார்கள். எழுபது வயதுக்கு மேல் அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. அவள் வற்புறுத்தவில்லை.

ரெண்டு மாதம் கழித்து லேப்டாப்பில் படத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். மூன்று பேரும் உட்கார்ந்து பார்த்தோம். அவர் முதுகு, அவள் கன்னம், தறிக்குழிக்குள் ஒரு ஜோடிக் கால், கால் இல்லாத வெறும் குழி. என் கை பாவை அறுத்தது. அதன் மேல் அவள் குரல் வந்தது. முன்பு அந்த இடத்தில் அப்பா அறுத்தார் என்று வைத்திருந்தாளாம். இப்போது மாற்றியிருந்தாள். யார் அறுத்தது என்று எனக்குத் தெரியாது, எலியாக இருக்கலாம், என்றது அவள் குரல்.

அவர் சிரித்தார். இருமல் மாதிரி ஆரம்பித்துச் சிரிப்பாக ஆனது. "எலி முடிச்சுப் போட்டுட்டுக் கடிச்சுதாம்" என்றார் மகளைப் பார்த்து. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. ரெண்டு பேரும் சேர்ந்து சிரித்ததை நான் எத்தனை வருஷம் கழித்துப் பார்த்தேன். அதிலும் நான்தான் வெளியே நின்றேன். இந்தத் தடவை அதில் தப்பில்லை என்று தோன்றியது.

எனக்காக என் மகள் பொய் சொல்கிறாள். நான் அன்று சொல்லாமல் விட்ட அதே பொய்யை. இதைப் பார்க்கிறவர்கள் அந்த மனுஷனைத்தான் சந்தேகப்படுவார்கள், எலியை இல்லை.

"மாத்து" என்றேன். "என் குரல வை."

"நெஜமாவா மா?"

"மொகத்தையும் வை."

மறுபடியும் தறிப் பக்கம் உட்கார வைத்து எடுத்தாள். நான்தான் அறுத்தேன், என் மகள் படிக்கப் போகட்டும் என்று அறுத்தேன், பழி அவள் மேல் விழுந்தபோது வாயை மூடிக்கொண்டு இருந்தேன், என் வீட்டுக்காரர் மேல் தப்பில்லை என்று சொன்னேன். சொல்லும்போதே எனக்குத் தெரிந்தது, இது நன்றாக இருக்கிறது என்று. கேட்கிறவர்களுக்கு நான் பெரியவளாகத் தெரிவேன் என்று. அதனால் நிறுத்திக்கொண்டேன்.

அப்படித்தான் அந்தக் கைதட்டல் வந்தது. அன்று சாயங்காலமே பஸ்ஸில் ஊருக்குத் திரும்பினோம். ஜன்னல் பக்கம் அவர்.

"நல்லா தட்டுனாங்க" என்றார்.

"ம்."

பஸ் பூந்தமல்லி தாண்டியது. பிறகு, "கை வராதுன்னு நான் சொன்னது அதுல இல்லியே" என்றார்.

நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குகிற மாதிரி இருந்தேன். அவருக்கு எல்லாம் தெரியும். தெரியாதவள் மகள் ஒருத்திதான். மறுநாள் கடையில் ஒரு நோட்டு வாங்கினேன்.

இதற்கு மேல் எழுதுவது அவள் வந்து போன பிறகு. அமாவாசைக்கு வரச் சொன்னேன். என் எழுத்து அவளுக்குப் புரியாது என்று நானே படித்துக் காட்டினேன், விரல் வைத்து, கூட்டிக் கூட்டி. அவர் கதவுப் பக்கம் நாற்காலியில் இருந்தார். ரெண்டு மணி நேரம் ஆனது. நடுவில் அவள் ஒரு தடவை எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"நான் சிரிச்சதுக்கா மா?" என்றாள் முடிந்ததும்.

"அதுக்கும்தான்."

"நான் சிரிச்சதே எனக்கு ஞாபகம் இல்ல."

"எனக்கு இருக்குது."

நோட்டை வாங்கிப் புரட்டினாள். கோபமாக இருந்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. அவள் முகம் அவள் அப்பா முகம் மாதிரி, சுலபத்தில் தெரியாது.

"இதையும் படத்துல போடு" என்றேன்.

"போட்டா கை தட்ட மாட்டாங்க மா."

"தட்ட வேணாம்."

அவள் தறியைப் பார்த்தாள். படத்துக்காக ஏற்றின பாவு இன்னும் அதில்தான் இருக்கிறது, ஒரு பிடி இழை மட்டும் அறுபட்டு. ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே கேட்டாள். "நெஜமாவே என் கை உன் கைய விட நல்லா இருந்துச்சா மா?"

நாற்காலியில் அவர் அசைகிற சத்தம் கேட்டது. பதிலை அவர் சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். சொல்லவில்லை.

"இருந்துச்சு" என்றேன்.